கழற்றிக் காட்டுங்க

சிரித்தது என் மகன். மாட்டிக்கொண்டது நான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நடந்தது இது. என் மருமகள் தண்ணீர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "நான் அக்ரிலிக் நகம் போடக் கத்துக்கப் போறேன்" என்றாள். மகனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"இருக்கிற நகத்தை வெட்டவே நேரமில்ல. இதுல மேல ஒண்ணு ஒட்டப் போறாளாம்!"

அவள் தலை குனியவில்லை. அவன் சிரித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நானே வந்து பார்க்கிறேன். சொல்லிக் கொடுக்கிற இடம் சரியா இருந்தா, என் பட்டறையோட முன்பாதி அவளுக்கு" என்றுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. பட்டறையை ஒரு பேட்டரி வியாபாரிக்குக் குடோனாக விட அவன் பேசி வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சரி. அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன்" என்றான். "அன்னைக்குச் சாயங்காலம் பேட்டரிக்காரர் வருவார். எந்தக் கோர்ஸ், எப்போ கடை திறக்கும், ரெண்டும் தெரிஞ்சாகணும். இடத்தைச் சும்மா பூட்டி வைக்க முடியாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

நான் யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. வண்டிகளில் ஒடுக்கு எடுத்து, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடிக்கிற வேலையிலேயே ஆயுசு போனது. அந்தத் தொழிலில் இருந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் அடியில் என்ன துரு இருக்கிறது என்றுதான் தோன்றும். முழங்கால் போன பிறகு பட்டறையைப் பூட்டிவிட்டேன். சாவி என் வீட்டுக்காரியிடம். என்னிடம் இருந்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு சாப்பிட வர மாட்டேன் என்பது அவள் நினைப்பு. சரியான நினைப்புத்தான்.

கிளம்பும்போது மகன் அந்தச் சாவியைக் கேட்டான்.

"உள்ள கூட்டித் துடைச்சு வைக்கிறேம்மா. யாருக்குன்னு முடிவானாலும் சுத்தமா இருக்கட்டும்."

நல்ல பிள்ளைதானே என்று அவள் கொடுத்துவிட்டாள்.

மருமகள் விசாரித்து வைத்திருந்தது இரண்டு இடம்; விரல் நீட்ட ஒரு ஆளைக் கூட்டி வாருங்கள் என்று இரண்டிலும் சொல்லியிருந்தார்கள். அதற்காக என் வீட்டுக்காரியும் வந்தாள். வீட்டு வாசலிலேயே மருமகளிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "வலது கை மட்டும்தான் தருவேன். இடது கையைக் கேக்கக் கூடாது."

"சரிங்க அத்தை" என்றாள் மருமகள். ஏன் என்று கேட்கவில்லை. அவள் ஒரு ஓட்டலின் சலவைக் கூடத்தில் துணி தேய்க்கிறாள். நாள் முழுக்க ஆவியிலேயே நின்று அவள் விரல் நுனி வெளுத்திருக்கும். சொந்தமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அவள் என்னிடம் கேட்ட ஒரே பொருள் அந்தப் பாதிப் பட்டறை.

முதல் இடம் பெரிய தெருவில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். உள்ளே நுழைந்ததும் எனக்குத் திக்கென்றது. மேசை மேசையாகக் கைகள். மணிக்கட்டோடு நறுக்கி வைத்த மாதிரி, பிளாஸ்டிக் கைகள். விரல்களை லேசாக மடக்கிக்கொண்டு, என்னமோ கேட்பதுபோல் நின்றன. ஒவ்வொன்றுக்கு எதிரிலும் ஒரு பெண் குனிந்திருந்தாள். ஒரு சத்தமில்லை. எங்கள் பட்டறையில் இத்தனை பேர் இருந்திருந்தால் கூரை பறந்திருக்கும்.

கோட்டுப் போட்ட ஒரு தம்பி வந்தான். "ஒரே நாள் கோர்ஸ், ஐயா. காலையில வந்தா சாயங்காலம் தொழிலாளி. சான்றிதழ் கையில."

"ஒரே நாள்லயா?"

"நாளைக்கே கடை போடலாம்."

நான் மருமகளைப் பார்த்தேன். பேட்டரிக்காரருக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்குமா? அவள் அந்தத் தம்பியைப் பார்க்கவில்லை. மேசைகளுக்கு நடுவே நடந்து போய், ஒரு பெண்ணின் பிரஷ் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் வீட்டுக்காரியை உட்கார வைத்து, வலது கையின் மோதிர விரலில் ஒரு நகம் போட்டுக் காட்டினார்கள். முதலில் சின்ன மெஷின் ஒன்றால் நகத்தைச் சுரண்டினார்கள். வெள்ளைத் தூள் பறந்தது.

"ஐயோ, சுடுதுங்க" என்றாள்.

"பொறுத்துக்க" என்றேன் நான். "வெள்ளைத் தகரம் தெரியறவரைக்கும் சுரண்டினாத்தான் பட்டி பிடிக்கும்."

"நான் என்ன வண்டிக் கதவா?"

அந்தப் பெண் ஒரு பாட்டிலைத் திறந்தாள். வாசனை உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு மனசு நிறைந்தது. எங்கள் தொழிலில் பெயிண்டில் கலக்கிற தின்னர் கலப்படமாக இருந்தால் மூக்கில் ஏறாது, சோடா மாதிரி சப்பென்று இருக்கும். ஆளையே தூக்கி அடித்தால் அதுதான் அசல். டப்பாவைத் திறந்து மோந்து பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை.

"சரக்கு சுத்தம்" என்றேன்.

"ஐயாவுக்குத் தெரியுது பாருங்க!" என்றான் கோட்டுத் தம்பி.

நகம் காய்ந்ததும் தட்டிப் பார்த்தேன். இரும்பு. ஒரு சுத்தியை எடுத்து அடித்தாலும் அசையாது போலிருந்தது. பளபளவென்று, என் வீட்டுக்காரியின் விரலில், யாரோ ஒரு பணக்காரியின் நகம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, அது தன் விரல்தானா என்று பார்த்தாள்.

மருமகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இதைக் கழட்டிக் காட்டுங்க."

"கழட்டவா?" கோட்டுத் தம்பி சிரித்தான். "மேடம், நம்ம நகம் கழலவே கழலாது! அதுதானே பெருமை!"

எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது. அவள் முகம் மட்டும் இறுகிவிட்டது.

வெளியே வந்ததும் நான் முடிவைச் சொல்லிவிட்டேன். "இதுதாம்மா. ஒரே நாள். அடுத்த வாரமே கடை. உன் புருஷன் வாயை அடைச்சிடலாம்."

"அவர் வாயை அடைக்கிறதுக்கா மாமா நான் படிக்கப் போறேன்?"

"பின்னே?"

"இன்னொரு இடம் இருக்கு. பார்த்துட்டுப் போவோம்."

"நல்ல சரக்கு கண்ணு முன்னாடி இருக்கு. மூக்கு பொய் சொல்லாது."

"வாங்க மாமா" என்று முன்னால் நடந்துவிட்டாள். என் வீட்டுக்காரி விரலை ஊதிக்கொண்டே வந்தாள். எரிகிறது என்று என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது இடம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே. படிக்கட்டு குறுகல். என் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு வாங்கிக்கொண்டு ஏறியது. மேலே ஒரே அறை, நாலு மேசை, திறந்த ஜன்னல், ஒவ்வொரு மேசை மேலும் தூளை உறிஞ்சி வெளியே தள்ளுகிற குழாய். பெரிய வாசனை ஒன்றும் இல்லை. கலப்படம் என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

டீச்சர் வந்தாள். தடித்த உடம்பு, கழுத்தில் தொங்கும் முகமூடி, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. அவள் விரல்களைப் பார்த்தேன். சாயமில்லை, நீளமில்லை. தேங்காய் துருவுகிற கை மாதிரி இருந்தது.

"நகம் சொல்லிக் கொடுக்கிறவங்களுக்கே நகத்தைக் காணோமே" என்றேன்.

"இருக்கே ஐயா." இரண்டு கையையும் விளக்குக்குக் கீழே நீட்டினாள். "இதுல ஒரு விரல்ல இருக்கிறது ஒட்டினது. எதுன்னு சொல்லுங்க."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒட்டுப் போட்ட கதவைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று கண்டுபிடிக்கிறவன் நான். என்ன கச்சிதமாகப் பெயிண்ட் அடித்திருந்தாலும் வெளிச்சம் ஒரு இடத்தில் நெளியும். அந்த நெளிவைத் தேடினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். விரல் விரலாகத் தடவினேன். தோல் முடிகிற இடத்தில் ஒரு விளிம்பாவது தட்டுப்பட வேண்டாமா?

தட்டுப்படவில்லை.

"இது" என்று ஏதோ ஒன்றைச் சொன்னேன்.

"அது எங்கம்மா கொடுத்தது" என்றாள் டீச்சர். நடுவிரலை நிமிர்த்தினாள். "இதுதான்."

நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். "ஏங்க, கையை விடுங்க" என்று என் வீட்டுக்காரி முழங்கையில் குத்தினாள்.

தோற்றது பொறுக்கவில்லை. வீட்டுக்காரியின் மோதிர விரலை இழுத்து மேசைமேல் வைத்தேன். "எல்லாம் சரி. இந்தக் கெட்டி வருமா உங்களுக்கு? தட்டிப் பாருங்க."

டீச்சர் தட்டவில்லை. குனிந்து பார்த்தாள். நகத்தைச் சுற்றித் தோல் சிவந்திருந்தது. அதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"இப்பத்தான் போட்டதா? எரியுதாம்மா?"

"கொஞ்சம்" என்றாள் என் வீட்டுக்காரி. பிறகு என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நிறையவே" என்றாள்.

மருமகள் முன்னால் வந்தாள். காலையில் கேட்டதையே கேட்டாள். "அக்கா, கழட்டிக் காட்டுங்க."

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். புதிதாக ஒரு ஆள் அறைக்குள் வந்ததுபோல் பார்த்தாள்.

"இங்க வர்றவங்க எல்லாரும் போட்டுக் காட்டத்தான் சொல்வாங்க" என்றாள். "உட்காருங்க."

இரண்டு துண்டுப் பஞ்சு எடுத்தாள். அசிட்டோனில் நனைத்தாள். ஒன்றை என் வீட்டுக்காரியின் மோதிர விரல் நகத்தில் வைத்து, சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றினாள். இன்னொன்றைத் தன் நடுவிரலில் வைத்துச் சுற்றிக்கொண்டாள். அதற்கு முன்பே இரண்டு நகத்தின் மேல் பளபளப்பையும் ஒரே அளவாகத் தேய்த்துவிட்டிருந்தாள். இரண்டு பெண்களும் வெள்ளித் தொப்பி போட்ட விரலோடு எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"இப்ப என்ன?" என்றேன்.

"இப்ப இருக்கணும்."

இருந்தோம். அந்த நேரத்தில் டீச்சர் தன் கோர்ஸைப் பற்றிச் சொன்னாள். வாரத்தில் ஒரு நாள்தான். ஒரு வகுப்பில் நாலு பேருக்கு மேல் இல்லை. முதல் மாதம் யார் விரலிலும் ஒட்ட விடமாட்டாள்; கழற்றவும், தேய்க்கவும், கையைப் பார்க்கவும் மட்டும்தான் சொல்லிக் கொடுப்பாள். வந்தவர் விரலில் நோய் இருந்தால் "இன்னைக்கு இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் ஒரு பாடம் உண்டாம்.

"எத்தனை மாசம் ஆகும்?"

"கை சொல்லும் ஐயா. சிலருக்கு நாலு. சிலருக்கு ஆறேழு."

இழுத்தடிக்கிற வேலை என்று எனக்குப் பட்டது. மருமகளின் முகத்தில் கவலையைப் பார்த்தேன். அவள் எதை நினைக்கிறாள் என்று தெரியும். ஆறு மாதம் பட்டறை யாருக்காகக் காத்திருக்கும்?

டீச்சர் முதலில் தன் விரலைப் பிரித்தாள்.

அந்த நகம், அத்தனை நேரம் நான் தடவித் தடவிப் பார்த்த நகம், தண்ணீரில் கிடந்த சோப்பு மாதிரிக் குழைந்திருந்தது. ஒரு மரக்குச்சியால் அடியிலிருந்து மெல்லத் தள்ளினாள். சுருண்டு வந்துவிட்டது. அடியில் அவள் சொந்த நகம். ஒரு கீறல் இல்லை. அப்போதுதான் பிறந்த மாதிரி இருந்தது. பட்டியைப் பெயர்த்தால் அடியில் தகரம் எப்படிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். குண்டும் குழியுமாக, உளி பட்ட காயத்தோடு கிடக்கும். எது போனாலும் அது வந்து போன தடமே இல்லாமல் போவதை நான் பார்த்ததில்லை.

பிறகு என் வீட்டுக்காரியின் விரல். தாளைப் பிரித்தாள்.

அப்படியே இருந்தது. அதே இரும்பு. டீச்சர் பிரஷ்ஷின் காம்பால் தட்டினாள். டக்.

"கழலாதுன்னு சொன்னது நிஜம்தான் ஐயா" என்றாள். "இந்த மாதிரி லிக்விட் ஒண்ணு இருக்கு. வாசனை ஆளைத் தூக்கும். காய்ஞ்சா கல்லு. எங்கயாவது கதவுல மாட்டிக்கிட்டா ஒட்டினது உடையாது. அடியில இருக்கிற நகம்தான் பிய்ஞ்சு வரும். அதுக்காகவே நாங்க அதைத் தொடறதில்ல."

என் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இத்தனை வருஷம் சோறு போட்ட மூக்கு.

"மாமா" என்றாள் மருமகள் மெதுவாக.

"ம்."

"உங்க பட்டிக்குக் கெட்டிதான் சரி மாமா. வண்டிக் கதவு ஆவுன்னு கத்தாது இல்ல?"

அவள் ஆறுதலாகச் சொன்னாள். என் வீட்டுக்காரிக்கு ஆறுதல் சொல்கிற எண்ணமெல்லாம் இல்லை. "கத்தினேனே. கேட்டீங்களா?" என்றாள்.

ஊறாததைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். டீச்சர் நகம் அராவுகிற ஃபைல் ஒன்றை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். மெஷின் இல்லை, கையால். உப்புத்தாள் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தாள், ஆனால் அழுத்தவே இல்லை. பாதியில் நிறுத்தி ஃபைலை மருமகளிடம் நீட்டினாள்.

"நீங்க தேய்ங்க. எங்க நிறுத்தணும்னு நீங்களே சொல்லணும்."

"நானா?"

"உங்க மாமியார் விரல்தானே? பயம் இருக்கும். பயம் இருந்தா நல்லது."

மருமகள் அந்த விரலைத் தன் இடது கையில் தாங்கினாள். தேய்த்தாள். நிறுத்தி ஊதினாள். மறுபடி தேய்த்தாள். குழாய் தூளை இழுத்துக்கொண்டே இருந்தது. நான் எழுந்து பின்னால் போய் நின்றேன். வெள்ளைப் பூச்சு மெலிந்து மெலிந்து, அடியிலிருந்து ரத்த ஓட்டத்தின் நிறம் விடியற்காலை மாதிரி மேலே வந்தது.

எனக்குக் கை துடித்தது. "இன்னும் ஒரு இழுப்பு இழும்மா. கொஞ்சம் மிச்சம் இருக்கு."

அவள் ஃபைலைக் கீழே வைத்துவிட்டாள். "போதும் மாமா."

டீச்சர் தன் விரல் நுனியால் தடவினாள். கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "ஐயா சொன்ன அந்த ஒரு இழுப்பு இழுத்திருந்தா இப்ப அம்மா அழுதிருப்பாங்க" என்றாள். "மிச்சம் இருக்கட்டும். நகம் வளரும்போது தானே போயிடும்."

எங்கே நிறுத்துவது என்று இவளுக்கு யார் சொன்னார்கள்? துணி தேய்க்கிற கை. இஸ்திரிப் பெட்டியைத் தூக்க வேண்டிய நொடியைத் துணி சொல்லுமோ என்னவோ. நான் கேட்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் தினம் எனக்குத் தட்டு வைக்கிற கை.

அதன் பிறகுதான் டீச்சர் ஒரு பிளாஸ்டிக் விரலை எடுத்துப் போட்டுக் காட்டினாள்.

பிரஷ்ஷை லிக்விடில் முக்கி, கிண்ணத்தின் விளிம்பில் ஒரு பக்கம் வழித்தாள். நுனியால் பவுடரைத் தொட்டாள். தொட்டதுதான் தெரியும். நுனியில் ஒரு உருண்டை முளைத்திருந்தது. மழை விட்டதும் கம்பியில் தொங்குகிற துளி மாதிரி. அதைக் கொண்டுபோய் நகத்தில் வைத்தாள். நான் என்றால் உடனே தகட்டால் இழுத்திருப்பேன். இவள் இழுக்கவில்லை. பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு சும்மா இருந்தாள்.

அந்த உருண்டை தானே இளகியது. தானே பரவியது. நாள் முழுக்க நின்றவள் கட்டிலில் சாய்கிற மாதிரி மெதுவாக அகன்று படுத்து, தோலுக்கு ஒரு மயிரிழை தூரத்தில் நின்றுகொண்டது.

"தோல்ல மட்டும் படக்கூடாது" என்றாள் டீச்சர். "பட்டா இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. பட்டுக்கிட்டே இருந்தா ஒருநாள் அரிப்பு ஆரம்பிக்கும். அப்புறம் அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் இது ஆகாது."

பிரஷ்ஷால் மூன்று தட்டுத் தட்டினாள். முடிந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. மருமகளுக்கு வாய் பாதி திறந்திருந்தது. எனக்கும் திறந்திருந்ததாக என் வீட்டுக்காரி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

கிளம்பும் நேரம். டீச்சர் என் வீட்டுக்காரியின் வலது கைக்கு எண்ணெய் தடவிவிட்டு, "அந்தக் கையையும் கொடுங்கம்மா" என்றாள்.

"அது வேண்டாம்மா."

"எண்ணெய்தான்."

"இல்லம்மா, வேண்டாம்."

மருமகள் கண் காட்டினாள். டீச்சர் வற்புறுத்தவில்லை. எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு காத்திருந்தாள், உருண்டைக்குக் காத்திருந்த மாதிரியே.

என் வீட்டுக்காரி மடியிலிருந்து இடது கையை எடுத்தாள். துண்டின் மேல் வைத்தாள். மற்ற விரல்களுக்குள்ளே ஒளிந்திருந்த கட்டை விரல் கடைசியாக வெளியே வந்தது.

எனக்கு அது தெரியும். சின்னப் பெண்ணாக இருந்தபோது இரும்புக் கேட்டில் நசுங்கியது. நகம் அன்றிலிருந்து இரண்டு துண்டாகத்தான் வளர்கிறது, நடுவில் ஒரு பள்ளத்தோடு. கல்யாணப் போட்டோவில்கூட அந்த விரல் இருக்காது. தெரியும் என்றேனே, விளக்குக்குக் கீழே இன்றுதான் பார்த்தேன்.

டீச்சர் அதைப் பார்த்து முகம் சுளிக்கவும் இல்லை, பாவம் என்று உச்சுக் கொட்டவும் இல்லை. நான் ஒரு நல்ல வண்டியைச் சுற்றி வந்து பார்க்கிற மாதிரி, நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஒண்ணா ஆகுமாம்மா?" என் வீட்டுக்காரியின் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஒண்ணா ஆகாதும்மா. ஒண்ணாத் தெரியும். முதல்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் வேண்டாம்னா நானும் வேண்டாம்னுதான் சொல்வேன்." எண்ணெயை அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு விட்டாள். "சரின்னுட்டா, இன்னைக்கு இல்ல, கோர்ஸ் கடைசியில. நான் போட மாட்டேன். இவங்க போடுவாங்க. அதுதான் இவங்க பரீட்சை."

மருமகளும் மாமியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் நான் ஒருத்தன் நிற்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் என் வீட்டுக்காரி முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இடது கையால். கட்டை விரல் கம்பிக்கு மேலே, எல்லோருக்கும் தெரியும்படி. அவள் அறியாமல் வைத்தாளா, அறிந்தே வைத்தாளா தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மடக்கிக்கொள்வாள்.

"மாமா" என்றாள் மருமகள் பின்னாலிருந்து. "நான் அந்த மாடியில இருக்கிற இடத்துலதான் சேரப் போறேன்."

"சேரு."

"ஆறு மாசம் பட்டறை பூட்டிக் கிடக்கும்."

"கிடக்கட்டும்."

"அதை அவர்கிட்ட யார் சொல்றது?"

நான் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தேன்.

எங்கள் சந்து முனையில் திரும்பும்போதே மூக்கில் ஏறிவிட்டது. காலையில் என்னை ஏமாற்றிய மூக்குத்தான். ஆனால் இந்த வாசனை எனக்குத் தப்பவே தப்பாது. ஆசிட்.

பட்டறையின் ஷட்டர் மேலே ஏறியிருந்தது. கூட்டவும் இல்லை, துடைக்கவும் இல்லை. முன்பாதி முழுக்க, வாசல்வரை, ஆள் உயரத்துக்குப் பேட்டரிகள். என் மகன் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு நின்றான். பக்கத்தில் பேட்டரிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியாக ஒன்று மட்டும் இன்னும் தெருவில் இருந்தது.

"சாயங்காலம்தானே வருவார்னே?" என்றேன்.

"லோடு சீக்கிரம் வந்திடுச்சுப்பா." என் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தான். "சரி, சொல்லு. எந்தக் கோர்ஸ்? எப்போ கடை?"

"மருந்துக் கடைக்கு மேல இருக்கிறது" என்றாள். "ஆறு மாசம் ஆகும்."

"ஆறு மாசமா! ஒரே நாள்ல சொல்லித் தர்ற இடம் இருக்குன்னு நீதானே சொன்னே?"

"இருக்கு. அங்க அத்தை விரல் எரிஞ்சு போச்சு."

"அப்பா, நீங்களாவது..."

"நான் அந்த இடத்தைத்தாண்டா நல்லதுன்னு சொன்னேன்" என்றேன். "எனக்கு ஒரு எழவும் தெரியல. அவளுக்குத் தெரிஞ்சது."

நான் இப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை.

என் வீட்டுக்காரி அவன் முன்னால் போய்க் கையை நீட்டினாள். "சாவி."

"அம்மா, உள்ள அடுக்கியாச்சு. இனிமே..."

"சாவியை வை."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். இடது கை. விரல் ஐந்தும் விரிந்திருந்தது. அவனைத் தூக்கி வளர்த்த கைதான். ஆனால் அந்தக் கட்டை விரலை அவனுக்குக்கூட அவள் காட்டியதில்லை; அவன் கண் அதிலேயே நின்றுவிட்டது.

"அம்மா... உங்க விரல்..."

"ஆமா. ரெண்டா இருக்கு. நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே அப்படித்தான். சாவியை வை."

வைத்தான். அவள் திரும்பி அதை மருமகளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

மருமகள் சாவியைப் பார்த்தாள். பட்டறையைப் பார்த்தாள். போய், எட்டி ஷட்டரைப் பிடித்து இழுத்தாள். அது கத்திக்கொண்டே இறங்கித் தரையில் உட்கார்ந்தது. குனிந்து பூட்டினாள்.

டக்.

"ஐயோ, என் சரக்கு மொத்தமும் உள்ள இருக்கும்மா!" என்றார் பேட்டரிக்காரர்.

"அடுக்கத் தெரிஞ்ச மாதிரி எடுக்கவும் தெரியும் இல்ல சார்?" என்றாள். "நாளைக்கு எடுக்க வரும்போது திறக்கிறேன்."

அவர் என் மகனைப் பார்த்தார். என் மகன் யாரையும் பார்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை. தெருவில் மிச்சமிருந்த அந்த ஒரே பேட்டரி மேல் போய் உட்கார்ந்துகொண்டு, தன் கட்டை விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நாங்கள் உள்ளே போனோம். பின்னாலேயே வருவான் என்று கதவைத் திறந்து வைத்தேன். விளக்குப் போடுகிற நேரமாகியும் அவன் எழுந்து வரவில்லை.